பாரம் எங்கே செல்கிறது?



மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் நம் செவியில் ஒலிப்பது எஞ்சினின் முழக்கம். வேகத்துக்கெல்லாம் அதுவே காரணம் என்று எண்ணிப் பாராட்டு முழுவதையும் அதற்கே வழங்கிவிடுகிறோம். நேர்ப்பாதையில் அப்பாராட்டுத் தகும். ஆனால் பந்தயப் பாதை நேர்ப்பாதை அன்று. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், அதற்குள் 12 வளைவுகள். ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. வளைவில் காரைப் பாதையை விட்டு விலகாமல் பிடித்து வைப்பது எஞ்சின் அன்று. நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு இடங்களே அவ்வேலையைச் செய்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம் உள்ளங்கையளவுதான்.

அந்த நான்கு உள்ளங்கைகளுக்கும் காரின் உடலுக்கும் நடுவே இருக்கும் அமைப்பைச் சஸ்பென்ஷன் என்கிறோம். அதில் சுருள்வில் உண்டு. அவ்வில்லின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் உண்டு. கார் ஒரு பக்கமாகச் சாய்வதைத் தடுக்கும் முறுக்குக் கம்பியும் உண்டு. நாம் தெருவில் ஓட்டும் காரில் இவற்றின் கடினத்தைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிடுகிறது. பந்தயப் பாதைக்கென்று விற்கப்படும் அமைப்புகளிலோ உயரத்தைத் திருகி மாற்றலாம். அடக்கும் வலிமையைச் சொடுக்குச் சொடுக்காகக் கூட்டலாம், குறைக்கலாம். கம்பியின் நெம்பளவையும் மாற்றலாம். இத்தனை திருகுகளும் கைக்கு வந்தபின், இளைஞர் ஒருவர் முதலில் செய்வது யாது? பெரும்பாலும் எல்லாவற்றையும் கடினமான பக்கத்துக்குத் திருப்பிவிடுவதுதான். கடினமான கார் சாயாது, சாயாத கார் நழுவாது என்பது அவருடைய நம்பிக்கை. பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்நம்பிக்கை எங்கே பிழைபடுகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு போகிறீர்கள். வண்டி வலப்புறம் திரும்புகிறது. உங்கள் உடலின் பாரம் வலக்காலை விட்டு இடக்காலுக்கு மாறுவதை உணர்கிறீர்கள். கால்களை அகட்டி நின்றால் அந்த மாற்றம் குறைகிறது. சற்றுக் குனிந்து நின்றாலும் குறைகிறது. ஆனால் உடலை விறைப்பாக வைத்துக்கொண்டால் குறைவதில்லை. காருக்கும் இதே விதிதான். 1200 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் உள்ளது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டர். இந்தக் கார், தன் எடைக்குச் சமமான பக்கவிசை தோன்றும்படி வளைவில் செல்கிறது என்று கொள்வோம். 1200-ஐ அரையால் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் 400 கிடைக்கிறது. அதாவது 400 கிலோகிராம் பாரம் உட்பக்கச் சக்கரங்களை விட்டு வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. பக்கத்துக்கு 600 என்றிருந்த பாரம், வெளிப்பக்கம் 1000, உட்பக்கம் 200 என்றாகிறது.

இக்கணக்கை மறுமுறையும் உற்றுப் பாருங்கள். இதில் எடை இருக்கிறது, உயரம் இருக்கிறது, அகலம் இருக்கிறது. வில்லின் கடினம் எங்கேனும் இருக்கிறதா? இல்லை. வில்லை இரும்புத் துண்டாகவே மாற்றினாலும் அந்த 400 அப்படியே மாறும். கார் சாய்வதால் ஈர்ப்பு மையம் சற்று வெளியே நகர்வதுண்டு. அதனால் வரும் வேறுபாடு சிறிது. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியும் சாய்வையே இளைஞர்கள் பாரமாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சாயாத காரிலும் பாரம் மாறுகிறது. சொல்லாமல் மாறுகிறது, அவ்வளவே.

அப்படியானால் திருகுகளால் பயன் என்ன? பயன் உண்டு, அதுவும் பெரும் பயன். மொத்தப் பாரமாற்றத்தை அவை மாற்றுவதில்லை. ஆனால் அந்த 400-இல் எத்தனை பங்கை முன் சக்கரங்கள் ஏற்பது, எத்தனை பங்கைப் பின் சக்கரங்கள் ஏற்பது என்பதை அவை தீர்மானிக்கின்றன. எந்த முனை சாய்வை அதிகமாக எதிர்க்கிறதோ, அந்த முனைக்கே பாரமாற்றத்தின் பெரும்பங்கு வந்து சேருகிறது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு டயரின் இயல்பு ஒன்றை அறிய வேண்டும். டயரின் மேல் பாரம் ஏற ஏற அதன் பிடிப்பும் ஏறும். ஆனால் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. பாரம் இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்குக்குக் குறைவாகவே உயரும். உராய்வு பாரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்தோமே என்று நீங்கள் கேட்கலாம். மரக்கட்டைக்கும் மேசைக்கும் அவ்விதி ஓரளவு ஒத்துவரும். ரப்பர் அதற்கு அடங்குவதில்லை.

கணக்கிட எளிதாக ஒரு டயரைக் கற்பனை செய்துகொள்வோம். 300 கிலோகிராம் பாரத்தில் அது 330 கிலோகிராம் பக்கப்பிடிப்புத் தருகிறது. 500-இல் 500 தருகிறது. 100-இல் 120 தருகிறது. நம் காரில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு, ஒவ்வொன்றின் மேலும் 300 கிலோகிராம். நேர்ப்பாதையில் ஓர் இணை டயர்களின் பிடிப்பு 660. வளைவில் பாரமாற்றத்தை முன்னும் பின்னும் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வோர் இணைக்கும் 200 மாறுகிறது. டயர்களின் பாரம் 500, 100 ஆகிறது. பிடிப்பு 620 ஆகக் குறைகிறது. நாம் கொண்ட வளைவுக்கு ஒவ்வோர் இணையும் 600 தர வேண்டும். தருகின்றன; கார் வளைந்து செல்கிறது.

இப்பொழுது முன் கம்பியைக் கடினமாக்குங்கள். முன்னே 250, பின்னே 150 என்று பாரமாற்றம் பிரிகிறது. முன் டயர்களின் பாரம் 550, 50. அதே டயரின் இயல்புப்படி அவற்றின் பிடிப்பு 536-ம் 61-ம் சேர்ந்து 597. பின் டயர்களுக்கோ 450, 150, பிடிப்பு 637. பின்னே மிச்சம் இருக்கிறது; முன்னே 3 கிலோகிராம் பற்றவில்லை. அந்த மூன்று போதும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் காரின் மூக்கு திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கி நழுவுகிறது. ஓட்டுநர்கள் இதை அண்டர்ஸ்டியர் என்பர். பின் கம்பியைக் கடினமாக்கினால் இதற்கு நேர்மாறு: பின்பக்கம் நழுவிக் கார் சுழலப் பார்க்கிறது, அது ஓவர்ஸ்டியர். ஆகவே இருமுனைகளையும் ஒருங்கே கடினமாக்கியவர் சாய்வைக் குறைத்திருக்கிறார், பங்கீட்டை மாற்றவில்லை. அவருடைய காரின் குறை எதுவாக இருந்ததோ, அது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முன்சக்கர இயக்கமுள்ள சிறு கார்கள் வளைவில் உட்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு செல்வதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பார்வையாளர் பதறுவர், ஓட்டுநர் பதறுவதில்லை. பின்முனையே தன்னால் இயன்ற பாரமாற்றம் முழுவதையும் ஏற்றுக்கொண்டது, முன்னிருக்கும் உட்பக்கச் சக்கரத்துக்குச் சிறிது பாரத்தை விட்டு வைத்தது என்பதே அதன் பொருள். எஞ்சினின் விசையைத் தரைக்குக் கொடுக்க வேண்டியது அந்த முன் சக்கரம் அன்றோ!

கம்பியைப் பற்றி இவ்வளவு கூறியபின் வில்லைப் பற்றியும் கூற வேண்டும். வில்லின் நீட்சி விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அந்த விதியிலிருந்தே வில்லின் மேல் நிற்கும் காரின் அதிர்வெண்ணைக் கணக்கிடலாம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோகிராம் நிற்கிறது, சக்கரத்தை ஒரு சென்டிமீட்டர் மேலே தள்ள 300 நியூட்டன் விசை வேண்டும் என்றால், அம்மூலை விநாடிக்கு ஏறத்தாழ 1.6 முறை மேலும் கீழும் ஆடும். வில்லின் கடினத்தை இரு மடங்காக்கினால் இந்த எண் 3.2 ஆகாது, இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகி 2.25 ஆகும். வசதியாகச் செல்லும் கார்கள் 1 முதல் 1.5 வரையுள்ள எண்ணில் ஆடுகின்றன. காற்றழுத்தத்தால் தரையில் பதியும் பந்தயக் கார்கள் 3-க்கும் மேலே போகின்றன. அவற்றின் உடல் தரைக்கு மேல் ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும் என்பதே காரணம். காற்றிறகு இல்லாத காருக்கு அந்த வில்லைப் போடுவது, யானைக்குச் செய்த அம்பாரியைக் குதிரையின் மேல் ஏற்றுவது போன்றது. பாதையின் சிறு மேடு ஒவ்வொன்றிலும் சக்கரம் தரையை விட்டு எழும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிப்பு ஏது?

வில்லை வாங்குவோர் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. பல கார்களில் வில் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதில்லை. நெம்புகோலின் நடுவே உள்ளே தள்ளி அமர்ந்திருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் எழும்போது வில் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், வில்லின் கடினத்தில் பத்தில் ஏழு பங்கு சக்கரத்துக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நெம்புகோல் விசையையும் குறைக்கிறது, அசைவையும் குறைக்கிறது. ஆதலால் 0.7-ஐ 0.7-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 0.49, ஏறக்குறைய பாதி.

உயரத்தை மாற்றும் திருகை வில்லைக் கடினமாக்கும் திருகு என்று கொள்வோரும் உளர். கார் தன் எடையால் வில்லை அமுக்கிக்கொண்டு நிற்கும் வரையில், அத்திருகு காரை ஏற்றும், இறக்கும். சீரான வில்லின் கடினத்தை மாற்றாது. அதன் உண்மையான பயன்கள் வேறு. ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தி அந்த 400-ஐயே சற்றுக் குறைப்பது ஒன்று. நான்கு மூலைகளின் பாரத்தைச் சமன் செய்வது மற்றொன்று. மேடு பள்ளமான தரையில் வைத்த நாற்காலி, எதிரெதிர் மூலையில் உள்ள இரு கால்களில் நின்று ஆடுவதைக் கண்டிருக்கிறோம். காரிலும் ஒரு மூலையை உயர்த்தினால், அம்மூலையும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையும் கூடுதல் பாரம் ஏற்கின்றன. மற்ற இரண்டும் இழக்கின்றன. அத்தகைய கார் இடப்புறம் ஒருவிதமாகவும் வலப்புறம் வேறுவிதமாகவும் திரும்பும். ஆதலால் ஒரே மட்டத்தில் நான்கு தராசுகளை வைத்து, ஓட்டுநரையும் இருக்கையில் அமர்த்தி எடை பார்க்கிறார்கள். ஓட்டுநரை இறக்கிவிட்டு எடை பார்ப்பதில் பொருளில்லை; எழுபது கிலோகிராம் ஒரு பக்கமாக அமர்கிறதல்லவா?

இனி ஷாக் அப்சார்பர். பெயரைக் கண்டு அது அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று எண்ணுகிறோம். தாங்குவது வில், அடக்குவது இது. எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. இதன் தனித்தன்மை, அசைவு இருக்கும்போது மட்டுமே இது விசை தரும் என்பது. அசைவு நின்றால் இதன் வேலையும் நின்றது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நீண்ட வளைவின் நடுவே கார் ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் செல்லும்போது, பாதை சமமாக இருந்தால் ஷாக் அப்சார்பருக்கு வேலையே இல்லை. அங்கே முன்பக்கம் நழுவினால், அதன் சொடுக்குகளை எத்தனை திருகினாலும் பயன் இராது. கம்பியையோ வில்லையோ டயரையோதான் பார்க்க வேண்டும். வளைவில் நுழையும்போதும், பிரேக்கை விடும்போதும், வெளியேறும்போது எஞ்சினுக்கு விசை கொடுக்கும்போதும் பாரம் நடந்துகொண்டிருக்கிறது. அப்போது நேரும் குறைகளுக்கே சொடுக்குகள் மருந்து. அந்த 400 கிலோகிராம் எவ்வளவு என்பதை ஷாக் அப்சார்பர் மாற்றுவதில்லை. அது எத்தனை விரைவாக எந்த டயரை அடைகிறது என்பதையே மாற்றுகிறது.

அமுங்கும்போது ஒரு வலிமை, மீளும்போது ஒரு வலிமை என்று இரண்டுக்கும் தனித்தனித் திருகு வைத்த அமைப்புகள் உண்டு. மீளும் வலிமையை அளவுக்கு மீறிக் கூட்டினால் வியப்பான விளைவு ஒன்று நேரும். ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுவதும் கீழிறங்குமுன் அடுத்த மேடு வந்துவிடும், மீண்டும் அமுங்கும். இவ்வாறு கார் படிப்படியாகத் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு, இறுதியில் வில்லே இல்லாதது போல் தடுப்பில் முட்டிக்கொள்ளும். ஓட்டுநர் வில் போதவில்லை என்று நினைத்து இன்னும் கடினமான வில்லை வாங்குவார். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

இவற்றையெல்லாம் தொடுமுன் பார்க்க வேண்டியது டயர். காற்றழுத்தம் சரியாக இல்லாத காரில் மற்ற எதையும் சரி செய்ய இயலாது. சில சுற்றுகள் ஓட்டியவுடன், டயர் ஆறுவதற்குள், அதன் உட்புற ஓரம், நடு, வெளிப்புற ஓரம் ஆகிய மூன்று இடங்களில் வெப்பத்தை அளக்கிறார்கள். நடு மட்டும் மிகச் சுட்டிருந்தால் காற்று மிகுதி. நடு மட்டும் ஆறியிருந்தால் காற்றுக் குறைவு. உட்புற ஓரம் சற்று மிகுதியாகச் சுட்டிருப்பது இயல்பு. மிக அதிகமாகச் சுட்டிருந்தால், சக்கரத்தின் தலையை உட்புறம் சாய்த்து வைக்கும் கேம்பர் அளவு கூடிவிட்டது என்று கொள்ளலாம். வெளிப்புற ஓரம் சுட்டிருந்தால் அது போதவில்லை. சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியும் விலகியும் நிற்கும் அளவையும் மாற்றலாம். பின் சக்கரங்கள் சிறிது உள்நோக்கி நின்றால் கார் நிலைத்து ஓடும் என்று மட்டும் இங்கே சொல்லி மேலே செல்கிறேன்.

சரி, எதைத் திருகினால் நன்மை நேர்ந்தது என்று எவ்வாறு அறிவது? இவ்விடத்தில் ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தம். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற மார்க் டானஹியூ என்பவர் ரோஜர் பென்ஸ்கேயின் அணியில் கார் ஓட்டினார். 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரில் கமாரோ காரில் வாகை சூடினார். 1972-இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்றார். 1975-இல் ஆஸ்திரியப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது நேர்ந்த விபத்தின் விளைவாக உயிர் நீத்தார். அவர் பெரிதும் நம்பிய கருவி, சமதரையில் வரைந்த ஒரு வட்டம். அவ்வட்டத்தைச் சுற்றி நழுவும் எல்லையில் காரை ஓட்டி, ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று அளப்பார், ஒன்றை மாற்றுவார், மீண்டும் அளப்பார். வட்டத்தின் ஆரமும் சுற்றும் நேரமும் தெரிந்தால் பக்கமுடுக்கத்தை உங்கள் பௌதிகப் புத்தகத்தின் சூத்திரமே தந்துவிடும். வட்டத்தில் பிரேக்கு இல்லை, மேடு இல்லை, ஓட்டுநரின் துணிச்சல் மாறுவதற்கும் இடமில்லை. முன்பே கூறியபடி ஷாக் அப்சார்பரும் அங்கே பேசாது. கம்பியும் வில்லும் டயரும் மட்டுமே பேசும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளிலும் இதே சோதனை உண்டு, அங்கே 15.25 மீட்டர் உள்விட்டமுள்ள இரு வட்டங்களை எட்டு என்னும் எண்ணின் வடிவில் சுற்ற வேண்டும்.

பாதையில் சோதிப்பது இதனினும் கடினம். பெட்ரோல் குறையக் குறையக் கார் இலேசாகிறது, டயர் தேய்கிறது, வெயில் ஏறிப் பாதை சூடாகிறது, ஓட்டுநரும் பாதையைக் கற்றுக்கொண்டே வருகிறார். பத்து மணிக்குப் பின் கம்பியை இளக்கினார், சுற்றுநேரம் அரை விநாடி குறைந்தது என்றால், குறைத்தது கம்பியா, கற்றலா? இதை அறிய ஒரு வழிதான் உண்டு. பழைய அளவுக்கே திருப்பி வைத்து மறுபடியும் ஓட்ட வேண்டும். பழைய நேரம் திரும்பி வந்தால் கம்பிக்கு மதிப்பெண் கொடுக்கலாம். பழைய அளவிலும் புதிய நேரமே வந்தால் பாராட்டு ஓட்டுநருக்குரியது. பாதையோரத்தில் நான் பலமுறை நின்று பார்த்ததுண்டு; முன்னேறிவிட்டோம் என்று மகிழ்ந்திருக்கும் வேளையில் பின்னோக்கித் திருகிப் பார்க்க எவருக்கும் மனம் வருவதில்லை. அந்த மனம் உடையவர்களின் நோட்டுப் புத்தகங்களே பிறகு பயன்படுகின்றன.

நோட்டுப் புத்தகம் என்றேன். அதில் சொடுக்குகளை எப்போதும் முற்றும் மூடிய நிலையிலிருந்து எண்ணி எழுத வேண்டும். மூடும்போது முறுக்கித் திணிக்கக் கூடாது. உள்ளிருக்கும் ஊசி மிக மென்மையானது. ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அதுவும் முதல் முறை தாராளமாகவே மாற்றலாம். ஒரு சொடுக்கின் வேறுபாட்டை உணரும் உடல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. மாறுதல் எத்திசையில் செல்கிறது என்று தெரிந்தபின் சிறுகச் சிறுகத் திருத்திக்கொள்ளலாம்.

மழை வந்துவிட்டால் கணக்கெல்லாம் மாறும். நனைந்த பாதையில் பிடிப்புக் குறைவு, ஆதலால் பக்கவிசை குறைவு, பாரமாற்றமும் குறைவு. அப்போது கம்பிகளை இளக்கி, சில வேளை கழற்றியே விட்டு, கார் மெல்ல அசைய இடம் தருகிறார்கள். அசைவே ஓட்டுநருக்கு முன்னறிவிப்பு.

இங்கே சாலையைப் பற்றியும் கூறியாக வேண்டும். பயிற்சி நாளில் பாதைக்குக் காரை ஓட்டி வந்து, மாலையில் அதே காரில் வீடு திரும்புவோர் பலர். பகலில் காரின் மூக்கு நன்றாகத் திரும்ப வேண்டும் என்று பின் கம்பியைக் கடினமாக்கியிருப்பார்கள். காய்ந்த பாதையிலும் சுட்ட டயரிலும் அது நன்மை செய்தது. இரவு நெடுஞ்சாலையில் டயர் ஆறியிருக்கிறது, தூறல் விழுகிறது, எதிரே திடீரென ஒரு மாடு குறுக்கிடுகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புகிறார். முதலில் பிடிப்பை இழப்பது பின்பக்கம். பந்தயப் பாதையில் கார் சுழன்றால் அகன்ற ஓரமண்ணும் கொடி காட்டும் காவலரும் உண்டு. சாலையில் எதிரே லாரி வரும். ஆகவே பாதையின் வாயிலைக் கடக்குமுன் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கம்பி, சொடுக்கு, உயரம், காற்றழுத்தம் ஆகிய நான்கையும் சாலைக்குரிய எண்களுக்குத் திருப்பி வைக்க வேண்டும். சக்கரங்களின் நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.